ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது? கற்பனை உலக வரைபடங்கள்: கேள்வி பதில்

பல வருடங்களாகக் கற்பனை உலகங்களுக்கு வரைபடம் போட்டு வருகிறேன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ரோல் பிளேயிங் கேம்களுக்காக ஆரம்பித்த பழக்கம் இது. அதனால் என் பதில்களில் ஓவியத்தைவிட ஆட்டத்தைப் பற்றிய பேச்சுதான் அதிகம் இருக்கும். இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

வெள்ளைத் தாளைப் பார்த்தாலே கை ஓடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கைப்பிடி அரிசியைத் தாளின் மேல் உதறுங்கள். குவியலின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் மெல்ல வரைந்தால் அதுதான் கடற்கரை. தள்ளி விழுந்த மணிகள் தீவுகள். நாமாக யோசித்து வரையும் கரை பெரும்பாலும் ஒரே அளவு நெளிவோடு அலை அலையாக வந்துவிடும். அரிசி அப்படி விழாது.

அப்புறம் மூன்று இடங்களைக் குறியுங்கள்: ஆட்டம் தொடங்கும் ஊர், ஆடுபவர்கள் போக ஆசைப்படும் இடம், இரண்டுக்கும் நடுவே ஒரு தடை. முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் நடை தூரம் வரைந்தால் போதும். முழு உலகத்தையும் வரைந்து முடித்த பிறகுதான் ஆட்டம் என்று உட்கார்ந்தவர்கள் பலர் கடைசிவரை ஆடவே இல்லை.

அக்கா, என் வரைபடத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் "ஆறு தப்பு" என்கிறார்கள். என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை.

அனேகமாக உங்கள் ஆறு நடுவழியில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கம் போகிறது. தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடும். மலையில் பிறக்கும் ஓடைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிதாகிக்கொண்டே போய்க் கடலில் விழும். வழியில் சேரும், பிரியாது. கடலை நெருங்கி நிலம் தட்டையாகும்போது மட்டும், கொண்டுவந்த வண்டலை இறக்கிவிட்டுக் கிளை கிளையாகப் பிரியும். ஏரியும் அப்படித்தான். எத்தனை ஆறு வேண்டுமானாலும் உள்ளே வரட்டும், வெளியே போவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. கரையில் எந்த இடம் எல்லாவற்றையும்விடத் தாழ்வாக இருக்கிறதோ அந்த வழியாகத்தான் தண்ணீர் வழியும்.

விதிவிலக்கு உண்டு. வெனிசுவேலாவில் ஓரினோகோ ஆற்றிலிருந்து காசிகியாரே என்ற ஆறு பிரிந்து, ரியோ நெக்ரோவில் கலந்து, அதன் வழியாக அமேசானுக்குப் போகிறது. 1800-ல் ஜெர்மன் ஆய்வாளர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் அந்த வழியே படகில் போய்ப் பார்த்தார். அது ஓர் அதிசயம் என்பதால்தான் ஊர் உலகமெல்லாம் பேசப்பட்டது. உங்கள் உலகத்திலும் அப்படி ஓர் ஆறு இருக்கலாம், ஆனால் அதை அதிசயமாகவே நடத்துங்கள்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் ஆரம்பகால வரைபடம் ஒன்றில் அழகுக்காக ஓர் ஆற்றைப் பிரித்து, கிழக்குக் கடலிலும் மேற்குக் கடலிலும் கொண்டுபோய் விட்டேன். நடுவில் ஒரு மலைத்தொடர். மலையைக் கடப்பதுதான் கதை, கணவாயில் என்னென்ன நடக்கும் என்று மூன்று வாரம் எழுதி வைத்திருந்தேன். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒருவர் ஆற்றின் மேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போனார். "படகு எடுத்தால் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கே போய்விடலாமே, எதற்கு மலை ஏறணும்?" என்று கேட்டார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வரைபடத்தில் ஒரு கோடு போட்டால் ஆடுபவருக்கு ஒரு வழி கொடுத்தாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போதெல்லாம் எந்தக் கோட்டை இழுத்தாலும், இதைப் பார்த்து ஆடுபவர் என்ன முடிவெடுப்பார் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாலைவனத்துக்குப் பக்கத்திலேயே அடர்ந்த காடு இருக்கலாமா?

நடுவில் மலை இருந்தால் தாராளமாக. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று முதலில் முடிவு செய்து, தாளின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போடுங்கள். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடும். மறுபக்கம் இறங்குவது வறண்ட காற்று. தென் அமெரிக்காவின் தென்கோடியில் ஆண்டீஸ் மலைக்கு மேற்கே மழைக்காடு, கிழக்கே படகோனியாவின் வறண்ட சமவெளி. மலையே இல்லாமல் பாலைவனம் வேண்டுமென்றால், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி தள்ளி வையுங்கள். அங்கே மேலிருந்து இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. சகாராவும் ஆஸ்திரேலியப் பாலைவனங்களும் அந்த வாக்கில்தான் இருக்கின்றன.

நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தொழிலும் பொழுதும் பறையும் தெய்வமும் சொல்லி வைத்த மொழி நம்முடையது. ஒவ்வொரு நிலத்துக்கும் இந்த நான்கையும் எழுதிப் பாருங்கள், அங்கே யாரைச் சந்திப்போம் என்பது தானாக வந்துவிடும்.

கட்டம் போடும்போது சதுரமா, அறுகோணமா? ஒரு கட்டத்துக்கு எவ்வளவு தூரம்?

கட்டடத்துக்குள் நடப்பது என்றால் சதுரம். ஊர் விட்டு ஊர் போவதற்கு அறுகோணம். சதுரத்தில் மூலைவாட்டில் நகர்ந்தால் தூரம் 1.4 மடங்கு ஆகிவிடும். அறுகோணத்தில் பக்கத்து ஆறு கட்டங்களும் சம தூரம், தகராறே வராது.

நான் ஒரு கட்டத்துக்குப் பத்து கிலோமீட்டர் வைக்கிறேன். சமவெளியில் நிற்பவருக்குத் தொடுவானம் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டரில் இருக்கும். அதாவது கட்டத்தின் நடுவில் நின்றால் அதன் ஓரம்வரை கண்ணுக்குத் தெரியும், "என்ன தெரிகிறது?" என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லலாம். சாலையில் நாளுக்கு மூன்று கட்டம், காட்டில் இரண்டு, மலையில் ஒன்று. இப்போது மலைவழி மூன்று கட்டம், சுற்றிப்போகும் சாலை பன்னிரண்டு கட்டம் என்று வையுங்கள். மலையில் மூன்று நாள், சாலையில் நான்கு. ஒரு நாள் மிச்சம், ஆனால் சரக்கு வண்டி மலையேறாது. உங்கள் மேசையில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். அதுதான் நல்ல வரைபடம்.

என் மலைகள் வரிசையாக அடுக்கிய முக்கோணம் மாதிரியே இருக்கின்றன.

முகட்டுக்கோட்டை முதலில் பென்சிலால் போடுங்கள், நேராக இல்லாமல் நெளிந்து போகட்டும். மையில் வரையும்போது தாளின் கீழ்ப்பக்கம் இருக்கும் மலையை முதலில் வரையுங்கள். அதுதான் முன்னால் நிற்பது. பின்னால் இருக்கும் மலையின் கோடு இதன் மேல் வந்து முட்டும் இடத்தில் பேனாவை எடுத்துவிடலாம், அழிக்க வேண்டியதே இல்லை. உச்சியிலிருந்து ஒரு கோணல் கோட்டைக் கீழே இறக்கி, வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருவதாக வைத்துக்கொண்டு, கோட்டின் வலப்பக்கத்தில் மட்டும் நிழல் கீறுங்கள். கீற்றுகள் சரிவோடு இறங்க வேண்டும். எல்லா மலைக்கும் நிழல் ஒரே பக்கம்தான்.

எந்தப் பேனா, எந்த மென்பொருள்?

தண்ணீரில் கரையாத மை உள்ள மெல்லிய பேனா இரண்டு, ஒன்று மெலிதாக, ஒன்று சற்றுத் தடிமனாக. கணினியில் என்றால் கிரிட்டா இலவசம். கடல், நிலம், ஆறு, பெயர் என்று ஒவ்வொன்றையும் தனி லேயரில், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் தனித்தனிப் படலத்தில் வையுங்கள். வரைபடத்துக்கென்றே உள்ள வொண்டர்டிராஃப்ட், இன்கார்னேட் இரண்டிலும் மலையும் மரமும் தயாராகவே கிடைக்கும். வேகம் வேண்டுமென்றால் நல்லது, ஆனால் கையால் பத்து வரைபடம் போட்ட பிறகு அங்கே போங்கள்.

பெயர்களைத் தமிழில் எழுதினால் அசிங்கமாக வருகிறது. ஆங்கிலத்துக்கே போய்விடலாமா?

போகாதீர்கள். சிக்கல் எழுத்து இடைவெளியில் இருக்கிறது. கடல், நாடு போன்ற பெரிய பரப்புகளின் பெயரை அகலமாகப் பரப்பி எழுதுவது வழக்கம். சில மென்பொருள்களில் தமிழை அப்படி நீட்டினால் "கோ"வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விடும், புள்ளிகூட இடம் மாறும். நான் பெயர்களைத் தனித் தாளில் கையால் எழுதி, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைக்கிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் பார்க்க லட்சணமாக இருக்கும். கடற்கரை ஊரின் பெயரைக் கடலுக்குள் எழுதுங்கள், ஆற்றின் பெயர் ஆற்றோடு வளைந்து போகட்டும்.

பெயர் வைப்பதிலும் தமிழ் கைகொடுக்கும். பட்டினம் என்று முடிந்தால் கடலோரம், துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம், பாளையம் என்றால் எப்போதோ படை தங்கியிருக்கிறது. ஊர் பேரைப் படித்ததும் "இங்கே படகு கிடைக்குமா?" என்று ஆடுபவரே கேட்பார்.

வரைபடத்தை ஆடுபவர்களிடம் முழுதாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அது உண்மையான வரைபடமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 1798-ல் ஆங்கிலேய வரைபட வல்லுநர் ஜேம்ஸ் ரென்னல் வரைந்த வரைபடத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் கோங் மலைத்தொடர் என்று ஒன்று இருந்தது. அப்படி ஒரு மலைத்தொடரே கிடையாது. 1880-களின் இறுதியில் பிரெஞ்சுப் பயணி லூயி குஸ்தாவ் பின்ஷே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்று சொல்லும்வரை, ஒருவரைப் பார்த்து ஒருவர் அதை வரைந்துகொண்டே இருந்தார்கள்.

நான் இரண்டு வரைபடம் வைத்திருப்பேன். ஒன்று எனக்கு, எல்லாம் சரியாக. இன்னொன்று அந்த உலகத்து வணிகர் ஒருவர் வரைந்தது போல: அவர் போன சாலைகள் துல்லியமாக, போகாத இடங்கள் கேள்விப்பட்டபடி. ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்று யாரும் நினைக்கக் கூடாது. அதனால் ஓரத்தில் வரைந்தவர் பெயரும் எந்த வருடம் என்பதும் இருக்கும், நம்பலாமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்வார்கள். மலை இருப்பதாகப் போட்ட இடத்தில் ஏரி இருந்தால் அவர்களே அடித்துவிட்டுத் திருத்தட்டும். பென்சிலையும் அழிப்பானையும் அவர்கள் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.