பேட்ச்மேட்களின் கதையைக் கேட்டு வாங்குவது எப்படி? கேள்வி பதில்

ராணுவக் கல்லூரியில் கூடப் படித்தவர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுப்பது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எங்கள் பேட்ச் தொகுப்பைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: "உங்கள் வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்" என்று எல்லோருக்கும் மெயில் போட்டோம் சார். பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. வந்ததெல்லாம் பயோடேட்டா மாதிரி இருக்கிறது.

அப்படிக் கேட்டால் அப்படித்தான் வரும். முப்பது வருஷம் ரிப்போர்ட் எழுதிய கை, பதவி, போஸ்டிங், தேதி என்றுதான் ஓடும். அவர்களை எழுதச் சொல்லாதீர்கள், பேச விடுங்கள். கேள்வியும் சின்னதாக இருக்கட்டும். முதல் நாள் முடியை ஒட்ட வெட்டிவிட்டபின் கண்ணாடியில் பார்த்தீர்களா? வீட்டுக்குப் போட்ட முதல் கடிதத்தில் எதை மறைத்தீர்கள்? எதிர் அறையில் யார் இருந்தார்?

எங்கள் பேட்ச்சில் ஒருவர் நாலே வரியில் தன் கதையை முடித்து அனுப்பியிருந்தார். போனில் கூப்பிட்டு, "முதல் டெர்மில் எவ்வளவு இளைத்தாய்?" என்று மட்டும் கேட்டேன். பேன்ட் நிற்காமல் பெல்ட்டில் ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டது, இன்ஸ்பெக்‌ஷனில் அந்த ஓட்டைக்காகவே தண்டனை வாங்கியது, விடுமுறையில் போனபோது அப்பா அந்த பெல்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தது என்று மனிதர் நிறுத்தவே இல்லை.

இதற்கு உளவியலிலும் ஆதாரம் உண்டு. நடுவயதைக் கடந்தவர்களிடம் நினைவுகளைக் கேட்டால், ஏறக்குறைய 10 முதல் 30 வயது வரை நடந்தவைதான் அதிகம் வருகின்றன. கேடட் பருவம், அதாவது கல்லூரியில் பயிற்சி மாணவனாக இருந்த காலம், சரியாக அதற்குள் வருகிறது. அங்கே ஆரம்பித்தால் மற்றது தானாக வரும்.

கேள்வி: ஒரே சம்பவத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எதைப் போடுவது?

மூன்றையும் போடுங்கள், அவரவர் பெயரில். தேதி, பதவி, யார் எந்த ஸ்குவாட்ரன் (கல்லூரியில் மாணவர்களைப் பிரித்து வைக்கும் பிரிவு) என்பதை மட்டும் கல்லூரி ஆண்டு மலரிலும், பயிற்சி முடிந்து வெளியேறும் நாளில் நடக்கும் பாசிங் அவுட் பரேட் நிகழ்ச்சி நிரலிலும் சரிபாருங்கள்.

கேள்வி: பாதியில் வெளியேறியவர்களையும் சேர்க்க வேண்டுமா? அவர்கள் அதிகாரிகளாகவே ஆகவில்லையே?

கட்டாயம் சேருங்கள். என்னைக் கேட்டால் அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும். முழங்கால் போய் மெடிக்கலில் அனுப்பப்பட்டவர், படிப்பில் தவறியவர், "இது எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் இருப்பார்கள். முன்னாள் மாணவர் பட்டியலில் பல சமயம் இவர்கள் பெயரே இருக்காது. முதல் டெர்ம் குரூப் போட்டோவையும் கடைசி டெர்ம் போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த முகங்கள் காணவில்லை என்று தெரிந்துவிடும். அறைத் தோழர்களிடம் விசாரித்தால் யாராவது ஒருவருக்காவது தொடர்பு இருக்கும்.

பேசும்போது "ஏன் விட்டுப் போனாய்?" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அதே கேள்வியை ஊரில் எல்லோரும் கேட்டுச் சலித்திருப்பார்கள். "கிளம்பின அன்றைக்குப் பெட்டியை யார் தூக்கிக்கொண்டு வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். நாமெல்லாம் அன்றைக்குப் பரேடில் நின்றிருப்போம். அவர் போனதை நம்மில் பலர் பார்த்தே இருக்க மாட்டோம்.

கேள்வி: ஆபரேஷன் பற்றியெல்லாம் சொல்கிறார்கள். பதிவு செய்யலாமா?

ஓய்வு பெற்றுவிட்டதால் ரகசியம் காக்கும் கடமை தீர்ந்துபோவதில்லை. எந்த நாடானாலும் அந்த நாட்டின் சட்டமும் படையின் விதிகளும் உண்டு. அச்சுக்குப் போகுமுன் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பதிவே வேண்டாம். "ரெக்கார்டரை நிறுத்து, சொல்கிறேன்" என்று சொன்னால், நிறுத்திவிட்டுப் பேச்சையும் மாற்றிவிடுங்கள். யூனிட், இடம், கருவி எதுவும் இல்லாமலே பயம், தூக்கம், பசி பற்றி எவ்வளவோ பேசலாம்.

கேள்வி: பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உடைந்து அழுதுவிட்டார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

பதிவை நிறுத்திவிட்டுச் சும்மா கூட உட்காருங்கள். தொடரலாமா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும். மறுநாள் ஒரு போன் போடுங்கள், தொகுப்பைப் பற்றிப் பேசுவதற்காக அல்ல. அவர் சொன்னதில் எதையும், அச்சாகும் நாள்வரை, எடுத்துவிடச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். ராகிங் கதைகளில் வரும் சீனியர்களின் பெயரும் அப்படித்தான்: அவர் சம்மதம் இல்லாமல் பெயர் வேண்டாம்.

கேள்வி: என் கணவர் உங்களைப் போல ஒரு கல்லூரியில் படித்தவர். இப்போது இல்லை. அவருடைய பக்கத்துக்கு இரங்கல் குறிப்பு எழுதித் தரச் சொல்கிறார்கள்.

இரங்கல் குறிப்பு வேண்டாம் அம்மா. அவருடைய அறைத் தோழர்கள் இரண்டு பேரைப் பேசச் சொல்லி அதை அங்கே போடச் சொல்லுங்கள். அதோடு உங்கள் கதையையும் சொல்லுங்கள்: எத்தனை வீடு மாறினீர்கள், எந்தப் பெட்டியைக் கடைசிவரை பிரிக்கவே இல்லை, அவர் இல்லாத மாதங்களில் பிள்ளைகளுக்கு என்ன சொன்னீர்கள். பெரும்பாலான பேட்ச் தொகுப்புகளில் மனைவிமார் குரூப் போட்டோவில் மட்டும்தான் இருக்கிறார்கள்.

கேள்வி: செல்போனில் பதிவு செய்தால் போதுமா? எங்கே பாதுகாப்பது?

போதும். ஃப்ளைட் மோடில் போட்டு, சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று இணையுங்கள். ஆப் அனுமதித்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV, சுருக்காத ஒலி) கோப்பாகப் பதியுங்கள். தொடங்கும்போதே தேதி, பெயர், பேட்ச் எண்ணைக் குரலில் சொல்லிவிடுங்கள். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில்.

அமெரிக்கப் படையில் பணியாற்றியவர்கள் என்றால், அந்நாட்டு நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் 2000-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட முன்னாள் படைவீரர் வரலாற்றுத் திட்டம் வாங்கிக்கொள்ளும். பேட்டி குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும். மற்றவர்கள் முதலில் தங்கள் கல்லூரி நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ கேளுங்கள். கொடுக்கும்போது கோப்புகளுடன் ஒப்புதல் படிவங்களையும் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாத பேட்டியை வெளியிட எந்தக் காப்பகமும் தயங்கும்.