இழுவை குறைந்த ஸ்போர்ட்ஸ் பைக்: எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: என்னிடம் இருப்பது 600 சிசி, நான்கு சிலிண்டர், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கொண்ட ஸ்போர்ட்ஸ் பைக். 7,000 ஆர்.பி.எம். வரை குறையில்லாமல் இழுக்கிறது. அதற்கு மேல் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் திணறுகிறதே தவிர, வேகம் ஏறுவதில்லை. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகுதான் இந்தக் கோளாறு தலைகாட்டுகிறது. சற்று நிறுத்திவிட்டுக் கிளம்பினால் கொஞ்ச தூரம் பழையபடி ஓடுகிறது. சென்ற சர்வீஸில் ஏர் ஃபில்டரையும் பிளக்குகள் நான்கையும் மாற்றினேன். அதன் பிறகே இது தொடங்கியது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும், வால்வு சரியாக மூடாமல் இருந்தாலும், வண்டியைச் சில நிமிடங்கள் நிறுத்தி வைப்பதால் அது குணமாகிவிடாது. அத்தகைய தேய்மானம் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும், ஐட்லிங்கிலும், குறைந்த வேகத்திலும் ஏதோ ஒரு வகையில் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஓட ஓட மோசமாகி, நின்றதும் தேறி, மீண்டும் மோசமாகும் கோளாறு என்றால், எஞ்சினுக்கு வந்து சேர வேண்டிய ஏதோ ஒன்று போதிய அளவில் வரவில்லை என்றே முதலில் கருத வேண்டும். உங்கள் வண்டியில் அது பெட்ரோலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏறக்குறைய 100 குதிரைத்திறன் தரும் எஞ்சின், முழுத் திறனில் ஓடும்போது மணிக்கு 25 முதல் 30 லிட்டர் வரை பெட்ரோல் குடிக்கும். ஐட்லிங்கில் அதில் ஒரு சிறு பங்கே போதும். ஆகவே பெட்ரோல் வரும் வழியில் ஓரிடம் பாதி அடைபட்டிருந்தாலும், நகரத்துக்குள் ஓட்டும்போது உங்களுக்கு எதுவும் தெரியாது, உயர் ஆர்.பி.எம்.மில் நீடித்து ஓட்டும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும்.

இன்னொரு தடயமும் இருக்கிறது. உங்கள் வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஏர் ஃபில்டரை மாற்ற வேண்டுமானால் டேங்க்கைத் தூக்கியாக வேண்டும். திரும்பப் பொருத்தும்போது, டேங்க்கின் அடியில் செல்லும் காற்றுக் குழாய் மடிந்துகொள்வதும் சட்டத்துக்கும் டேங்க்குக்கும் நடுவே நசுங்கிக்கொள்வதும் உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்க்கினுள் வெற்றிடம் உருவாகி, பம்ப் இழுக்கும் பெட்ரோலை அது பின்னுக்கு இழுக்கும். சர்வீஸுக்குப் பிறகு கோளாறு தொடங்கியது என்றால், அந்தச் சர்வீஸில் கைபட்ட இடத்தையே முதலில் பார்ப்பது பட்டறையில் எவரும் கைவிடக் கூடாத பழக்கம்.

இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். கோளாறு தோன்றியதும் சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்துங்கள். டேங்க் மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் காத்திருந்து கிளம்புங்கள். எவ்வளவு தூரம் நன்றாக ஓடுகிறது என்று கவனியுங்கள். அடுத்த முறை கோளாறு வரும்போது, எஞ்சினை அணைத்ததும் மூடியைத் திறந்து, உடனே மூடிவிட்டுக் கிளம்புங்கள். திறக்கும் கணத்தில் காதைக் கொஞ்சம் அருகில் வையுங்கள். ‘உஸ்’ என்ற ஒலியோடு காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன் பிறகு இழுவையும் முழுமையாகத் திரும்பினால் காற்றுக் குழாயோ, மூடியில் உள்ள துளையோ அடைபட்டிருக்கிறது. வெயிலில் நின்ற வண்டியில் ஆவி வெளியே பீறிடுவதும் இதே போன்ற ஒலியைத் தரும் என்பதால், காற்று எந்தத் திசையில் போகிறது என்பதைக் கவனிப்பது முக்கியம். மூடியைத் திறந்து வைத்தபடியே ஓட்டிப் பார்க்க யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். சூடான எஞ்சின் மீது பெட்ரோல் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

மூடியைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒரே மாதிரித்தான் தேறுகிறது என்றால், சந்தேகம் பம்ப்பின் பக்கம் திரும்ப வேண்டும். பம்ப்பின் அடியில் உள்ள வலை வடிகட்டியில் துருவும் தூசும் ஒட்டிக்கொண்டு, பம்ப் நின்றதும் உதிர்ந்து, ஓடத் தொடங்கியதும் மீண்டும் ஒட்டிக்கொள்வதுண்டு. சூடேறிய பிறகு பலவீனமாகும் பம்ப்பும் இதே குணத்தைக் காட்டும். பல ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் எரிபொருள் அழுத்தம் சுமார் 3 பார் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஐட்லிங்கில் மட்டும் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு ‘பம்ப் நன்றாக இருக்கிறது’ என்று முடிவுகட்டுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. குறிப்பிட்ட நொடிகளில் பம்ப் எத்தனை மில்லி தள்ளுகிறது என்று அளந்து பாருங்கள்; பம்ப்பின் கனெக்டரில் பேட்டரிக்கு நெருக்கமான வோல்ட்டேஜ் வருகிறதா என்றும் பாருங்கள். கறுத்துப்போன கனெக்டர் ஒன்றால், நல்ல பம்ப்பைத் தூக்கியெறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், ஏர் பாக்ஸைத் திறந்து, இரண்டாவது த்ராட்டில் தகடுகள் (ஆக்ஸிலரேட்டர் இயக்கும் காற்றுத் தகடுகளோடு, மோட்டார் இயக்கும் கூடுதல் தகடுகள்) உங்கள் வண்டியில் இருந்தால் அவை முழுமையாகத் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சைலன்சர் குழாயில் சர்வோ வால்வு (சிறு மோட்டாரால் திறந்து மூடும் தகடு) இருந்தால், சாவியைத் திருப்பியதும் அது ஒரு முறை அசைந்து நிற்க வேண்டும். மூடிய நிலையில் சிக்கிய வால்வு, உயர் ஆர்.பி.எம்.மில் மூச்சை அடைத்துவிடும். அதற்கும் பிறகுதான் கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது. அதிலும் த்ராட்டிலை முழுமையாகத் திறந்து வைத்தே அளக்க வேண்டும். மூடி வைத்து அளந்தால் நல்ல எஞ்சினும் தேய்ந்தது போலத் தோன்றும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளக்கையில் அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக் ‘பிரிக்க வேண்டும்’ என்று சொன்னால், தாராளமாகச் சம்மதியுங்கள்.

கேள்வி: ஆறாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் ஆர்.பி.எம். முள் சட்டென்று ஏறுகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை. எஞ்சின் சக்தி குறைந்துவிட்டதா?

பதில்: எஞ்சின் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அது தரும் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. உடனே பிளேட்டுகளை வாங்கிவிடாமல், கிளட்ச் லீவரில் மேனுவல் சொல்லும் அளவுக்குத் தளர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; கேபிள் இழுத்துக்கொண்டிருந்தால் புதுப் பிளேட்டும் வழுக்கும். கடைசியாக ஊற்றிய ஆயில் என்ன என்பதையும் பாருங்கள். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் உள்ள உங்கள் வண்டிக்கு, டப்பாவில் ஜேஏஎஸ்ஓ (ஜப்பானிய வாகனத் தரநிலை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்ட ஆயில்தான் ஏற்றது. உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்த கார் ஆயில்களும், அதே தரநிலையின் எம்பி வகை ஆயிலும் கிளட்ச் பிளேட்டை வழுக்கச் செய்யக்கூடும். பிளேட்டுகளை மாற்றுவதென்றால் ஸ்பிரிங்குகளின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கார்புரேட்டர் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருக்கிறேன். கார்புரேட்டர்களைக் கழுவிப் பொருத்திய பிறகு 5,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. ஜெட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகை) தொடாதீர்கள். ஒவ்வொரு கார்புரேட்டரின் மேல் மூடியையும் கழற்றி, உள்ளே உள்ள ரப்பர் டயஃப்ரமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல விரித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும், விளிம்பு அதன் பள்ளத்தில் சரியாக அமராமல் மடிந்திருந்தாலும் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடு முழுமையாக மேலே ஏறாது; எஞ்சினும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கழுவும்போது கிளீனர் திரவம் பட்டிருந்தால் ரப்பர் ஊதிப் பெரிதாகி, பள்ளத்தில் அடங்காமல் போகும். அது காய்ந்து பழைய அளவுக்குச் சுருங்குகிறதா என்று ஒரு நாள் விட்டுப் பாருங்கள்; சுருங்காவிட்டால் புதிதுதான் போட வேண்டும்.