கிளினிக் சாஃப்ட்வேரை வீட்டிலிருந்து பாதுகாப்பாகத் திறப்பது எப்படி?

கிளினிக் கம்ப்யூட்டரில் உள்ள நோயாளி பதிவுகளை வீட்டிலிருந்து பார்க்க, ரவுட்டரில் 3389 போர்ட்டை (வெளியிலிருந்து இணைப்பு வரும் வாசல் எண்) திறந்துவிட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது ரிமோட் டெஸ்க்டாப்பின், அதாவது தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வசதியின், வழக்கமான போர்ட். இணையம் முழுக்க அதைத் தேடி, பாஸ்வேர்டுகளை முயன்று பார்க்கும் நிரல்கள் ஓய்வதே இல்லை.

விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக மட்டும் நுழையுங்கள். கூடவே ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயம். இணையத்தில் இயங்கும் கிளவுட் சாஃப்ட்வேருக்கு மாறினாலும் அந்தச் சரிபார்ப்பை விடாதீர்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டு பில்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் திருட்டு பாஸ்வேர்டோடு நுழைந்தார்கள். அந்த ரிமோட் வாசலில் இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. 9 நாள் கழித்து ரான்சம்வேரை (தகவல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்) ஏவினார்கள். நாடு முழுக்க மருந்துக்கடைகள் காப்பீட்டில் பில் போட முடியாமல் திணறின.

அப்புறம், ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே மூடிவிடுங்கள்.