பயிற்சி மருத்துவரின் பரிசோதனைத் திறனை எதை வைத்து மதிப்பிடுவது?

கேள்வி: குடும்ப மருத்துவப் பயிற்சி பெறும் ஒருவருக்கு நான் வழிகாட்டியாக இருக்கிறேன். எழுத்துத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெறுகிறார். அவர் எழுதும் நோயாளிக் குறிப்புகளிலும் குறை தெரியவில்லை. ஆயினும் 'உடற்பரிசோதனையில் தகுதி உடையவர்' என்று படிவத்தில் கையெழுத்திடத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தயக்கம் நியாயமானதே. குறிப்பேட்டில் 'நெஞ்சொலி இயல்பு' என்றிருப்பது, அவர் அப்படி எழுதினார் என்பதற்கு மட்டுமே சான்று. ஸ்டெதஸ்கோப்பைச் சட்டைக்கு மேலேயே வைத்தாரா, முதுகுப்புறமும் கேட்டாரா என்பது அதில் தெரியாது. 1990-இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் மருத்துவத் திறனை நான்கு படிகளாக வகுத்தார்: அறிதல், செய்முறையை அறிதல், செய்து காட்டுதல், அன்றாடப் பணியில் செய்தல். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும். ரொனால்ட் ஹார்டன் குழுவினர் 1975-இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி (OSCE) என்னும் செய்முறைத் தேர்வு மூன்றாம் படியை எட்டும். நீங்கள் கையெழுத்திடப்போவது நான்காம் படிக்கு என்பதால், உண்மையான நோயாளியிடம் அவர் பணிபுரிவதை நேரில் பார்ப்பதுதான் வழி.

அதற்காக முழு நாளையும் ஒதுக்க வேண்டாம். மினி-சிஇஎக்ஸ் (mini-CEX) போன்ற நேரடி மதிப்பீட்டு முறைகளில் ஒரு நோயாளியோடு பதினைந்து, இருபது நிமிடங்கள் பார்த்து, உடனே கருத்துச் சொல்வதே வழக்கம். ஆனால் ஒருமுறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழங்காலை நேர்த்தியாகச் சோதிப்பவர் செவிப்பறையைப் பார்க்கத் தடுமாறலாம். ஆகவே வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு வயதினர், முடிந்தால் வெவ்வேறு மதிப்பீட்டாளர்கள் என்று பரப்பிக்கொள்ளுங்கள். பழகுவதற்கு இனியவர் என்பதற்காகவே எல்லாக் கட்டங்களிலும் நல்ல மதிப்பெண் விழுந்துவிடும் அபாயமும் அப்போது குறையும்.

என் பார்வையில், கைவண்ணத்தைவிட, எதைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். பத்து நிமிடங்களில் தலை முதல் கால் வரை சோதிக்க எவராலும் இயலாது. முதுகுவலியோடு வந்தவருக்குக் கால்களில் வலுவிழப்பு, சிறுநீர் அடைப்பு ஆகியவை இருக்கும்போது, ஆசனவாயைச் சுற்றிய உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றாதவர், தசைநாண் சுத்தியலை எவ்வளவு அழகாகப் பிடித்தாலும் தேறியவராகமாட்டார். எனவே, அவர் நோயாளியைத் தொடுவதற்கு முன்பே, 'எதைத் தேடப்போகிறீர்கள், ஏன்?' என்று கேளுங்கள்.

அதன்பின் செய்முறையைக் கவனியுங்கள்: கையின் சுற்றளவுக்கு ஏற்ற இரத்த அழுத்தப் பட்டையை எடுத்தாரா (சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்), வயிற்றை அழுத்தும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்தாரா, வலியில்லாத பக்கத்தோடு ஒப்பிட்டாரா? நோயாளியின் ஒப்புதலோடு, பயிற்சி மருத்துவர் தாம் கண்டதை வாய்விட்டுச் சொல்வதற்கு முன் நீங்களும் தனியாகச் சோதித்து ஒப்பிடுவது மிகவும் பயன் தரும். ஈரலின் விளிம்பு அவர் கைக்கு உண்மையிலேயே தட்டுப்பட்டதா என்பதை அறிய வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அந்தரங்க உறுப்புப் பரிசோதனைகள்தாம் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன. பிரிட்டனின் குடும்ப மருத்துவப் பயிற்சியில் மார்பகம், மலக்குடல், புராஸ்டேட், ஆண் மற்றும் பெண் பிறப்புறுப்புப் பரிசோதனைகளை ஒருவர் நேரில் பார்த்து மதிப்பிடுவது கட்டாயம். ஒப்புதல் கேட்ட விதம், துணைக்கு ஒருவரை அழைத்தது, திரையிட்டது ஆகியவற்றையும் சேர்த்தே மதிப்பிடுங்கள்.

படிவத்தில் நீங்கள் நேரில் பார்த்தவற்றுக்கு மட்டும் தகுதி குறியுங்கள். மற்றவற்றுக்கு எதிரே 'இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதி, எப்போது பார்ப்பீர்கள் என்பதை அவரோடு பேசித் தேதி வையுங்கள்.