ஐந்து வருஷம் வீணா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அண்ணன் மகள் எம்.எஸ்சி., பி.எட். படித்தவள். 2019 இறுதியில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவராக ஜெயித்தாள். அப்போது வயது 24. அண்ணன் ஒருநாளும் அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததில்லை. நடுநிலைப் பள்ளிக் கழிப்பறைக்குக் குழாய் போட்டாள், பூட்டிக் கிடந்த நூலகத்தைத் திறந்தாள். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. இப்போது தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கூடப் படித்தவர்கள் அரசு வேலைக்குப் போய்விட்டார்கள், இவள் ஐந்து வருஷத்தை வீணாக்கிவிட்டாள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அவளும் அப்படியே நினைக்கத் தொடங்கிவிட்டாளோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

வீணாகவில்லை. நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தக் குழாயே போதும், இதைச் சொல்ல.

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர் நியமனமும் பாடமும் கல்வித்துறையின் கையில். ஊராட்சித் தலைவர் அதில் தலையிட முடியாது. அவர் பொறுப்பில் இருப்பவை குடிநீர், மேல்நிலைத் தொட்டி, தெருவிளக்கு, துப்புரவு. ஆனால் கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளியில் ஏழாவது, எட்டாவது படிக்கும் பெண் பிள்ளைகள் பொழுதுக்கும் தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருப்பார்கள். மாதத்தில் சில நாள் பள்ளிக்கே வர மாட்டார்கள். கணக்கு டீச்சர் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் அன்றைய பாடம் அவர்களுக்குப் போய்ச் சேராது. உங்கள் அண்ணன் மகள் செய்தது கல்விப் பணிதான். அதற்கான காசோலையில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். 24 வயதுப் பெண் அந்தக் கையெழுத்துக்காக எத்தனை பேரிடம் பேச வேண்டியிருந்தது என்று அவளிடமே கேளுங்கள்.

சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆக வேண்டும், உள்ளாட்சிக்கு 21 போதும். 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மேயரான ஆர்யா ராஜேந்திரன் 21 வயதுக் கல்லூரி மாணவி. நம் மாநிலத்தில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்படி வந்த பெண்களில் பலருடைய நாற்காலியில் கணவரோ அப்பாவோ உட்கார்ந்துகொண்டதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உங்கள் அண்ணன் ஒதுங்கி நின்றார் பாருங்கள், அதற்காகவே அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இனி அவள் என்ன செய்யலாம்? தகுதித் தேர்வு எழுதட்டும். அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டால் தேர்தலில் நிற்க முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளட்டும். எந்தப் பக்கம் போவது என்று இன்றே முடிவு சொல்லச் சொல்லி அவளை யாரும் நெருக்க வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும்வரை கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கிராம சபைத் தீர்மானத்தை எப்படி எழுதினால் ஒன்றிய அலுவலகத்தில் வேலை நகரும் என்று அந்தத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவளைவிடப் பொருத்தமான ஆள் உங்கள் ஊரில் கிடைப்பது கஷ்டம்.

எனக்கு ஒரு ஆசை. பூட்டிக் கிடந்த நூலகத்தை எப்படித் திறந்தாள், சாவி யாரிடம் இருந்தது, புத்தகம் எங்கிருந்து வந்தது, தினமும் யார் திறக்கிறார்கள் என்று விவரமாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இதே இடத்தில் வெளியிடுகிறேன். அடுத்து தலைவராக வரும் பெண்களுக்குப் பயன்படும்.

அன்புடன்