குளிர்ப் பகுதி ஆப்பிள் மரம், வெப்பம் கூடிய தோட்டத்தில் பூக்கப் பழகுமா?

கேள்வி: குளிர் அதிகமான பகுதியிலிருந்து ஆப்பிள் ஒட்டுக்கன்றுகள் வாங்கி நட்டு ஆறு வருடம் ஆகிறது. என் தோட்டத்தில் அவ்வளவு குளிர் கிடையாது. மரம் உயிரோடு நிற்கிறது, பூ மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாமதமாக வருகிறது. இன்னும் சில வருடம் பொறுத்தால் பழகிவிடுமா?

பதில்: பழகாது. உங்கள் உழைப்பு இன்னும் வீணாகக் கூடாது என்பதால் நேராகவே சொல்கிறேன்.

கிளைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நுனி மொட்டு மட்டும் விரிந்து, அதற்குக் கீழே பக்க மொட்டுகள் மூடியபடியே இருந்து, கிளை நடுவில் மொட்டையாகத் தெரிந்தால் குளிர் போதவில்லை என்று அர்த்தம். வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும் நேரத்தைக் கூட்டித்தான் இதைக் கணக்கிடுகிறோம். பழைய ஆப்பிள் ரகங்கள் பலவும் 800 முதல் 1,000 மணி நேரம் வரை கேட்கும். 'அன்னா' ரகத்துக்கு 300 மணி நேரமே போதும்.

இந்த வித்தியாசம் மரபணுவில் இருக்கிறது. பீச் மரத்தில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். மொட்டை உறக்கத்தில் பிடித்து வைக்கும் ஆறு மரபணுக்கள் அதில் வரிசையாக உள்ளன. குளிர் சேரச் சேர அவற்றின் வேகம் அடங்கும், அப்புறம்தான் மொட்டு விழிக்கும். மெக்சிகோவில் கிடைத்த ஒரு பீச் வகையில் அவற்றில் நான்கு அழிந்துபோயிருந்தன. அந்த மரம் குளிர்காலத்திலும் தூங்காமல் துளிர்த்துக்கொண்டே இருக்கும்.

ஒரு மரம் தன் ஆயுளுக்குள் இதை மாற்றிக்கொள்ளாது. விதையில் முளைக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் மரபணுக் கலவை வேறு; அந்த இடத்துக்குத் தோதாகப் பூப்பவை காய்த்து அடுத்த தலைமுறையைத் தரும். பல தலைமுறை கடந்துதான் ஊருக்கேற்ற மரம் உருவாகிறது. ஒட்டுக்கன்றிலோ தாய்மரத்தின் மரபணுவே அப்படியே தொடர்கிறது. சரி, விதை போட்டு வளர்க்கலாமா என்றால், காய்க்கப் பல வருடம் ஆகும், பழமும் தாயைப் போல இருக்காது.

மரங்களை வெட்டிவிடாதீர்கள், வேர் நன்றாகத்தான் இருக்கிறது. குளிர்கால முடிவில், துளிர் விடும் முன் கிளைகளைக் குறைத்து அன்னா குச்சிகளை ஒட்டுங்கள். மகரந்தத்துக்காகச் சில மரங்களில் 'டார்செட் கோல்டன்' என்ற ஆப்பிள் ரகத்தை ஒட்டுவது அவசியம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூக்கும். ஆனால் இவை சீக்கிரமே பூத்துவிடும். குளிர்கால முடிவில் உங்கள் பகுதியில் உறைபனி விழுமென்றால் பூ கருகிவிடும். அப்படியானால் இன்னும் கொஞ்சம் கூடுதல் குளிர் கேட்கும் ரகமே நல்லது.