கத்திரி வெயிலில் தனியே ஒரு சைக்கிள் பயணம்

கேள்வி: மே மாதம் மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குத் தனியாக சைக்கிளில் போக ஆசை. 240 கிலோமீட்டர் வரும். வெயில் தாங்குமா சார்?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தாராளமாகப் போகலாம் தம்பி, ஆனால் 3 நாளாக வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை 4.30க்குக் கிளம்பி 10 மணிக்குள் நிழலில் ஒதுங்கிவிட வேண்டும், அப்புறம் மாலை 4 மணிக்கு மேல்தான் மிதிக்கலாம். விருதுநகர் தாண்டினால் கரிசல் காடு, மரநிழல் குறைவு. ஒருமுறை அங்கே வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போனேன். சட்டை முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, கோவில்பட்டி வருவதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. வியர்வையில் போகிற உப்பைத் தண்ணீர் மட்டும் ஈடுகட்டாது. 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வழியில் நுங்கு, பதநீர் கிடைத்தால் விடாதீர்கள்.

தலை சுற்றினால் உடனே நிழலில் உட்காருங்கள். பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு, பக்கத்தில் இருப்பவரிடம் 108ஐ அழைக்கச் சொல்லி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தனியாகப் போவதால் ஒவ்வொரு ஊரிலும் வீட்டுக்கு ஒரு போன். மே கடைசி என்றால் வள்ளியூருக்குத் தெற்கே காற்று பலமாகத் தள்ளும், லாரி கடக்கும்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடியுங்கள்.